வீட்டில் தாண்டிய உயரம்

ரூத் அல்மொனாசித்தைப் போட்டி மைதானத்தில் மட்டும் பார்த்தவர்கள், அவளுக்குக் குதிரை ஏறவே தெரியாது என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. சமையலறை ஜன்னலருகே நின்று பாத்திரம் கழுவும்போது, அவளும் அவளுடைய கருங்குதிரை திசோனும் புல்வெளியில் என் நெஞ்சு உயரத்துக்கு வைத்த கட்டைகளைத் தாண்டிப் போவதைத் தினமும் பார்த்தவள். குதிரை எழும்பும்போது அவள் உடம்பில் ஒரு பதற்றமும் தெரியாது. கையை நீட்டிக் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி போவாள்.

ஒசோர்னோ நகருக்கு வெளியே உள்ள பால் ஆலையில், பாலைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கணவன் லோலோ அதே ஆலைக்குப் பால் லாரி ஓட்டினான். பிள்ளைகள் இல்லை. திசோன் ஒரு பண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்த குதிரை. அதை வளர்த்த பெண் தலைநகர் சாந்தியாகோவுக்குப் படிக்கப் போய்விட்டாள். அதன் பிறகு யார் கிட்டே போனாலும் கடித்தது. ரூத் ஒரு குளிர்காலம் முழுக்கப் பொறுமையாக அதன் பக்கத்தில் நின்று, அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

எங்கள் வட்டாரத்துத் தடைதாண்டும் போட்டிகளில் நடுவர் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஓட்டத்தைத் தொடங்க மணி அடிப்பது என் வேலை. அதனால் அவள் தோற்றதையெல்லாம் மிக அருகில் பார்த்தேன். பக்கத்து ஊர் ரியோ புவேனோவில் நடந்த முதல் போட்டியில் நான் மணி அடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. மூன்றாவது தடையின் முன்னால் திசோன் நின்றுவிட்டது. அது பயந்து நிற்கவில்லை. இவள் அதன் வாயை இழுத்துப் பிடித்திருந்தாள். திருப்பிக்கொண்டு வந்தாள், மறுபடியும் நின்றது. விதிப்படி வெளியேற்றினார்கள்.

இறைச்சி சுடும் அடுப்புப் பக்கம் நின்றிருந்த ஒருத்தன், வாய் நிறைய ரொட்டியோடு கத்தினான்:

"அடடா, ரூத்தம்மா! உங்க வீட்டுப் புல்லையும் பேத்து எடுத்துட்டு வந்திருக்கலாமே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குக் 'கொல்லைப்புறச் சாம்பியன்' என்று பேர் ஆகிவிட்டது. அந்தக் கோடையில் போன இடமெல்லாம் இதே கதை. போட்டிக்கு முன்னால், குதிரையை ஏற்றிவந்த வண்டிக்குப் பின்புறம் போய் வாந்தி எடுப்பாள். லோலோ அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

எங்கள் ஊரில் குதிரைப் பயிற்சி கொடுக்கிறவள் இக்னாசியா. ரூத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். போட்டிப் பருவம் முடிந்ததும் அவள் ரூத்தின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசினாள். நானும் இருந்தேன்.

"அக்கா, வீட்டுல நூத்தி இருவது சென்டிமீட்டர் தாண்டுறீங்க. போட்டியில எம்பதுல இறங்குங்க. ஒரு வருஷம் சும்மா போய்ட்டு வாங்க. மணி, கொடி, கூட்டம் எல்லாம் பழகிரும். உங்க பயம் இங்க இல்லியே. அது எங்க இருக்கோ அங்க போய்த்தான அதப் போக்கணும்?"

"எம்பதுல யாரு தாண்டுறா? பல்லு விழுந்த பிள்ளைங்க. நாப்பத்தோரு வயசுல அதுங்க வரிசையில போய் நிக்கச் சொல்றியா?"

"நின்னா என்னக்கா?"

"நீ வேணா நில்லு."

இக்னாசியா டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ரூத் வேறு கணக்குப் போட்டாள். போட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது. லோலோ பழைய பலகைகளை எடுத்துச் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் அடித்தான். வேலி நெடுகக் கொடி கட்டினான். தெருமுனைச் சபையிலிருந்து ஒலிபெருக்கியை இரவல் வாங்கிவந்து, கவிழ்த்த பால் கேன் மேல் உட்கார்ந்துகொண்டு அறிவிப்பான்:

"அடுத்து வருவது ஒசோர்னோவின் தங்கம், ரூத் அல்மொனாசித்! ஏ யோலி, ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்தா போதுமா, கை தட்டு!"

நான் சோப்பு நுரையோடு தட்டுவேன்.

"போதாது லோலோ," என்பாள் ரூத், குதிரை மேலிருந்தே. "திட்டு. அந்த ரொட்டிக்காரன் மாதிரி திட்டு."

"ஏய் கொல்லைப்புறம்! எறங்குடி கீழ! குதிரைக்கே வெக்கமா இருக்காம்!"

முதலில் மூவரும் சிரித்தோம். பிறகு அதில் சிரிப்பு இல்லாமல் போயிற்று. தடைகள் உயர்ந்துகொண்டே போயின. "வீட்டுல நூத்திமுப்பதத் தாண்டிட்டா, அங்க வைக்கிற நூத்திப்பத்து கால் தூசு" என்பது அவள் வாதம். வேலை முடிந்து வந்ததும் சேணம் ஏறிவிடும். ஒரு முறை சுத்தமாகத் தாண்டினால் போதாது; மறுபடியும் தாண்ட வேண்டும், நாளைக்கும் தாண்ட வேண்டும். மழைக்காலம் வந்தது. எங்கள் ஊர் மழை வந்தால் லேசில் போகாது. புல்வெளி கூழாயிற்று. அந்தச் சேற்றிலும் திசோன் தாண்டியது. கேட்டால் செய்கிற குதிரை அது.

ஆகஸ்டில் ஒரு மாலை, குதிரையைத் துடைத்துக்கொண்டிருந்த லோலோ அதன் முன்னங்காலைத் தடவிவிட்டு நிமிர்ந்தான்.

"எடது கால் சுடுது ரூத்."

"இவ்வளவு தாண்டினா சுடத்தான் செய்யும். பச்சத்தண்ணி விடு."

"நேத்தும் சுட்டுச்சு."

"நேத்தும் தாண்டிச்சு இல்ல?"

குழாயில் வெகுநேரம் குளிர்ந்த நீர் விட்டு, கட்டுப் போட்டாள். மறுநாள் வீக்கம் வடிந்திருந்தது. சேணம் ஏறியது.

அந்த வாரம் அந்த வழியாகப் போன இக்னாசியா, வேலியோரம் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் பார்த்தாள். மழையில் இறங்கி வந்து சொன்னாள்: "அக்கா, குதிரைக்குத் தாண்டத் தெரியும். அதுக்கு எதுக்கு இவ்வளவு பழக்கம்? நிறுத்துங்க. ரெண்டு மாசம் அதச் சும்மா மேய விடுங்க."

"நான் உன்னக் கூப்பிடல."

"கூப்பிடலதான். குதிரைக்காகச் சொல்றேன்."

"வேலிக் கதவச் சாத்திட்டுப் போ."

நவம்பரில், கோடை தொடங்கியதும், மறுபடியும் ரியோ புவேனோ. ரூத் வாந்தி எடுக்கவில்லை. நான் மணி அடித்ததும் அவள் புன்னகைத்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அவள் வந்த வரத்து! ஒவ்வொரு தடைக்கும் முன்னால் கை தானாக நீண்டது. திசோன் காதுகளை நிமிர்த்திக்கொண்டு பறந்தது. ஒரு கட்டைகூட அசையவில்லை. போன வருஷம் கேலி செய்த அதே கூட்டம் எழுந்து நின்று தட்டியது. லோலோ தொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதான்.

தப்பே செய்யாமல் முடித்தவர்களுக்குள் இன்னொரு சுற்று உண்டு. அதில் வேகம்தான் முக்கியம். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம். காத்திருந்த நேரத்தில் குதிரையை நடத்திப் பார்த்தபோது, இடது காலை அது கொஞ்சம் குட்டையாக வைத்ததைத் தான் உணர்ந்ததாக ரூத் பின்னாளில் என்னிடம் சொன்னாள். இரண்டே அடிதான், பிறகு சரியாகிவிட்டதாம். அவள் விலகவில்லை. மணி அடித்தேன்.

கடைசிக்கு முந்தைய அகலத் தடையைத் தாண்டித் தரையில் கால் ஊன்றியபோது அந்தச் சத்தம் கேட்டது. பச்சைக் கிளையை முறித்தது போல. கூண்டுக்குள் இருந்த எனக்கே கேட்டது. திசோன் விழவில்லை. மூன்று காலில் நின்றது. நாலாவது, கணுவுக்குக் கீழே எங்கோ பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ரூத் எப்போது இறங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் கூட்டத்திடமிருந்து மறைத்தார்கள். மைதானத்து மருத்துவர், நடுவயதுப் பெண், மண்டியிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"தசைநார் முழுசா அறுந்துபோச்சு, எலும்பும் போயிருக்கு. ஆனா இது இன்னிக்கு ஆரம்பிச்சதில்லம்மா. பல மாசமா நூல் நூலாப் பிஞ்சிருக்கு. கால் சுட்டிருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன்," என்றாள் ரூத்.

மருத்துவர் பையைத் திறந்து, வலி தெரியாமல் உயிரைப் போக்கும் மருந்தை எடுத்தாள். ஊசி போடும்போது ரூத் அதன் காதுக்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சரிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலி வண்டியை இழுத்துக்கொண்டு இருவரும் வீடு திரும்பினார்கள். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே லோலோ சொன்னானாம்: "நான் கை வச்சுப் பாத்துச் சொன்னேன் ரூத்."

"சொன்ன."

"நீ கேக்கல."

"கேக்கல. மறுநாள் நீயும் ஒலிபெருக்கியத் தூக்கிட்டு வந்து உக்காந்த."

தட்டில் இருந்ததை இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அந்த மாதமே லோலோ தூரத்துப் பாதைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வாரத்தில் பாதி ராத்திரி புவெர்த்தோ மோன்ட் பக்கம் லாரியிலேயே தூக்கம். பிரிந்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. பிரியவில்லை. சேர்ந்து இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கழித்து இக்னாசியாதான் மறுபடியும் வந்தாள். அவளுடைய பயிற்சிப் பள்ளியில் சாதுவான ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது, ஏற ஆளில்லை. ரூத் மறுக்கவில்லை. அந்தக் கோடையில் எண்பது சென்டிமீட்டர் வரிசையில், பல்லு விழுந்த பிள்ளைகளுக்கு நடுவே நரைத்த தலையோடு நின்றாள். நான் மணி அடித்தேன். அவள் முகம் வெளிறவும் இல்லை, மலரவும் இல்லை. எல்லாத் தடையையும் தாண்டி வெளியே போனாள்.

"பயம் விட்டுப்போச்சாடி?" என்று அன்று கேட்டேன்.

"இங்க என்ன பயம் யோலி? சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

வீட்டிலும் பழகட்டும் என்று நினைத்து இக்னாசியா ஒரு நாள் அந்தக் குதிரையை ரூத்தின் புல்வெளிக்குக் கொண்டுவந்தாள். முழங்கால் உயரத்துக்கு ஒரே ஒரு கட்டை வைத்தாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரூத் மெல்ல ஓட்டி வந்தாள். கட்டைக்கு முன்னால் அவள் கை இரண்டும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. குதிரை நின்றது. திருப்பிக்கொண்டு வந்தாள். மறுபடியும் நின்றது. இறங்கிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. இக்னாசியா சேணத்தைத் தளர்த்திக் குதிரையை வண்டியில் ஏற்றினாள்.

இப்போது அந்தப் புல்வெளியில் என் மாடுகள் மேய்கின்றன. ரூத்தான் வந்து கேட்டாள்.

"உன் மாட்ட இந்தப் பக்கம் விடு யோலி. வெறுமனே கெடந்தா, பாத்துட்டே இருக்கேன்."

கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இக்னாசியாவின் வண்டியில் போட்டிக்குப் போய்விட்டுப் பொழுது சாயும் முன் திரும்பிவிடுவாள். லோலோ ஊரில் இருந்தால் அடுப்பு மூட்டி வைத்திருப்பான். எப்படிப் போயிற்று என்று அவன் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.