மூன்று இருபது ரூபாய் நாணயங்கள்

இன்று மதியம் சிதம்பரத்தில் என் மருந்துக் கடைக்கு, குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இடுப்பில் காய்ச்சலோடு குழந்தை.

அறுபது ரூபாய் மருந்துக்கு மூன்று இருபது ரூபாய் நாணயங்களைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"இது வேணாம்மா, நோட்டா குடுங்க."

"நடவு கூலியில குடுத்தாங்க சார். செல்லாதா?"

"செல்லும்மா. நான் வாங்கிக்குவேன், என்கிட்டேருந்து யாரும் வாங்க மாட்டாங்க."

"எல்லாக் கடையிலயும் இதையேதான் சார் சொல்றாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். நாணயங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மருந்து என் கையிலேயே இருந்தது.

குழந்தையின் சிவந்த கண்கள் மனதை உறுத்தின. மருந்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மினி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டுக்கு அதே மாதிரி இன்னொரு நாணயத்தை நீட்டினார். கண்டக்டர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே மருந்தை நீட்டி, "காசு வேணாம்மா" என்றேன்.

"சும்மா வேணாம் சார். இத வாங்கிக்கிறதுன்னா குடுங்க."

மூன்று நாணயங்களையும் நீட்டினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. வாங்கிக்கொண்டேன்.

கடைக்குத் திரும்பிய பிறகு இரண்டு பேருக்கு மீதி கொடுத்தேன். இருவருக்கும் நோட்டைத்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த நாணயங்கள் பக்கம் இன்னும் கை போகவில்லை.

நாளை உங்களிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வீர்களா, இல்லை நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்வீர்களா?