பளபளக்கும் ஃபிரிட்ஜில் தெரிந்தது யார்?

மூத்த பேரன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல்; அவனுக்குப் பெண் பேசி வைத்திருக்கிறோம். சின்னவன் கபடியில் கப்பு வாங்கியவன். பேத்தி மதுரையில் நர்ஸ்; முதல் சம்பளத்தில் எனக்கு எவர்சில்வர் கதவு போட்ட ஃபிரிட்ஜ் வாங்கித் தந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். கதவெல்லாம் கறை.

இன்று சோப்புத் தண்ணீரில் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் விட்டு, மெல்லிய துணியால் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. உடனே போட்டோ எடுத்து இங்கே ஃபேஸ்புக்கில் போட்டேன்.

பேத்தி போன் செய்தாள்.

"ஆச்சி, கதவு பளபளன்னு இருக்கு. அதுக்குள்ள சேலையத் தூக்கிச் செருகிட்டு நிக்கிறது யாரு?"

"ஏட்டி, நாந்தாண்டி!"

"அண்ணனுக்குப் பொண்ணு குடுக்குறவிய எல்லாரும் பாத்துட்டாவ!"

போட்ட போட்டோவை எனக்கு அழிக்கத் தெரியாது. பட்டுச்சேலை கட்டிவிட்டேன், ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைத்துவிட்டேன். வக்கீல் பேரனே, சீக்கிரம் வந்து வேறு போட்டோ எடுத்துப் போடப்பா.