வடக்கு என்றால் எண்ணூர்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதனால் எங்கள் கூடத்தில் டியூஷன் நடக்கும்போது அடுக்களை வாசலைத் தாண்டி வரமாட்டேன். டியூஷன் எடுத்தது என் மருமகள். அரக்கோணத்துப் பக்கம், பி.ஏ. படித்தவள். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த மறு வருஷமே, பள்ளிக்கூடத்தில் பின்தங்கிப் போன பத்தாவது பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு சாயந்திரம் நாலரை மணிக்கு உட்கார்ந்துவிட்டாள். பாய் விரிப்பேன், தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். நாலு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விம்கோ நகர்ப் பெண்கள், அப்பாமார்களுக்குக் கம்பெனி வேலை. ஒருத்தி மட்டும் மீனவர் குப்பத்திலிருந்து வந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை சுமக்கிறவள். நானும் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள்தான். அவள் வந்து உட்கார்ந்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

கணக்கு அவளுக்கு வரும், தமிழ் வரும், இங்கிலீஷ்கூட முட்டி மோதித் தேறிவிடும். சமூக அறிவியல்தான் தகராறு. அரையாண்டுப் பரீட்சையில் முப்பது மார்க். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். மேப்பில் இடம் குறிக்கிற கேள்விக்கு மட்டும் பத்து மார்க், அதில் அவளுக்கு முட்டை. அந்த முட்டை சாதாரண முட்டை இல்லை. அவள் அப்பா சொல்லியிருந்தார், பத்தாவது பாஸ் பண்ணினால் மேலே படி, பெயிலானால் ஆவணியில் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவேன் என்று. தாய்மாமன் கெட்டவன் இல்லை. ஆனால் அவளைவிடப் பதினாலு வயது மூத்தவன். அவளுக்கோ நர்ஸாக வேண்டும் என்று ஆசை.

ஒரு நாள் அவள் குறித்த மேப்பை மருமகள் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். டில்லி குஜராத்துக் கரையில் இருந்தது. கல்கத்தா காஷ்மீரில். பம்பாய் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில். சென்னை அசாமுக்கே போய்விட்டது.

“இன்னாடி, மெட்ராஸை அசாமாண்ட கொண்டுபோய் வெச்சிகிற? உங்கப்பா அங்க இன்னாத்துல வலை போடுவாரு?” என்றாள் ஒரு விம்கோ நகர்க்காரி. எல்லாரும் சிரித்தார்கள். இவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் வாயால் கேட்டுப் பார்த்தாள். டில்லி எங்கே என்றால் வடக்கே என்றாள். பம்பாய் மேற்கே, கல்கத்தா கிழக்கே, எல்லாம் சரி. பேப்பரைக் கொடுத்தால் மட்டும் பழையபடி ஊர் இடம் மாறிவிடும். மேலே வடக்கு, கீழே தெற்கு என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னாள் மருமகள். குண்டு குண்டாக எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் சென்னை அசாமில்தான்.

எங்கள் வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. வெளிச்சத்துக்காகப் பெண்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து உட்காருவார்கள். அடுக்களை வாசலில் நிற்கிற எனக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். மருமகள் வடக்கு என்று சொல்லும்போதெல்லாம் இவளுடைய இடது தோள் லேசாக அசைந்தது. இடது பக்கம் எண்ணூர். தெற்கு என்றால் வலது தோள். அந்தப் பக்கம் ராயபுரம்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் குப்பத்தில் இடது, வலது என்று யாரும் பேசமாட்டார்கள். சோற்றுத் தட்டைக்கூட வடக்கால தள்ளு என்போம். தூங்குகிற குழந்தையைத் தெக்கால புரட்டிப் போடு என்போம். கடல் கிழக்கே கிடக்கிறது, அதைவைத்து மற்றதெல்லாம். கண்டக்டர் லெஃப்டில் நில்லும்மா என்றால் இன்றைக்கும் எனக்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். இவள் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கடல் இருக்கிற பக்கம் கிழக்கு என்று கல்கத்தாவை வைத்திருக்கிறாள். எண்ணூர் இருக்கிற பக்கம் வடக்கு என்று டில்லியை வைத்திருக்கிறாள். அவள் கணக்குப்படி ஒரு ஊரும் தப்பில்லை. பேப்பர்தான் திசை மாறிக் கிடந்தது.

இதை எப்படிச் சொல்வது? பி.ஏ. படித்தவளிடம் ஐந்தாவது படித்தவள் போய், நீ சொல்லிக்கொடுப்பது இவளுக்குப் பொருந்தவில்லை என்பதா? மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் அடிபம்பில் அந்தப் பெண் தனியாக அகப்பட்டாள்.

“எண்ணூர் எங்கடி கீது?” என்றேன்.

குடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினாள். சரியான திசை.

“பேப்பர்ல வடக்கு எங்கன்னு உங்க டியூஷன் அக்கா சொல்லிச்சு?”

“மேல.”

“அந்த மேல் பக்கத்தை எண்ணூர் பக்கமா திருப்பி வெச்சி எழுதிப் பாரேன்.”

அன்று சாயந்திரம் பேப்பரைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டில்லி டில்லியில் விழுந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஏன் பேப்பரை இப்படி வைத்திருக்கிறாய் என்று மருமகள் கேட்டதும், “பெரிம்மாதான் சொல்லிச்சு” என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். ஏழெட்டுத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. நான் உள்ளே போய், ஏற்கெனவே களைந்த அரிசியை மறுபடி களைந்தேன்.

மருமகள் பேப்பரோடு பின்னாலேயே வந்தாள். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் பேப்பரைக் குறுக்காகத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

“ஐம்பது தடவை எழுத வெச்சேனே அத்தை, அந்தப் பொண்ணை” என்றாள். அதற்கப்புறம் மேப் என்றால் அடுக்களைக்குள் குரல் கொடுத்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

மார்ச் வந்தது. மருமகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய்விட்டாள். அப்போதுதான் இன்னொரு கவலை முளைத்தது. பரீட்சை எழுதும் இடம் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். நாலு சுவருக்கு நடுவே கடல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? தப்பாக நினைத்துவிட்டால் பத்து மார்க்கும் போச்சு, ஆவணியில் கல்யாணம். பரீட்சைக்கு முதல் நாள் அவளைக் கூட்டிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். கூடப் போக வேறு ஆள் இல்லை.

கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நானாக அதுவரை பேசியதில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“இன்னாமா, பரிச்ச எழுத வந்துகிறியா, கடலாட வந்துகிறியா?”

விவரத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அந்த மனுஷன் சிரித்தார், ஆனால் எழுந்து உள்ளே கூட்டிப்போனார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் நம்பரைத் தேடி, ரூமைக் காட்டினார். ஜன்னல் வழியாகத் துறைமுகத்து கிரேன் தலை தெரிந்தது. அந்தப் பக்கம் கிழக்கு. கரும்பலகை தெற்குச் சுவரில் இருந்தது. ஆகவே இவள் தெற்கே பார்த்து உட்கார வேண்டும், எண்ணூர் முதுகுக்குப் பின்னால்.

“அப்ப தலைகீழா வெச்சி எழுதணும் பெரிம்மா” என்றாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சமூக அறிவியல் பரீட்சை அன்று நடந்ததை அவளே வந்து சொன்னாள். மேப்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவள் மறுபடி தலைகீழாக்கியிருக்கிறாள். அவர் மறுபடி வந்து திருப்பியிருக்கிறார். மூன்றாம் தடவை இவள் எழுந்து நின்று, “மிஸ், எங்க வூட்ல இப்டிதான் வெச்சி எழுதுவோம்” என்றிருக்கிறாள். அவர் அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாராம்.

ரிசல்ட் வந்த அன்று எல்லாப் பாடத்திலும் பாஸ். மார்க் ஷீட் வந்தபோது சமூக அறிவியலில் ஐம்பத்தெட்டு. அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். மருமகள் இன்னும் தாய் வீட்டில்தான். மகன் வேலைக்குப் போயிருந்தான். நான்தான் வாசலுக்கு வர வேண்டியிருந்தது, வந்தேன்.

என்ன மாயம் செய்தாய் என்று கேட்டார். மாயம் இல்லை என்று சொல்லி, ஒரு பழைய மேப்பைக் கொண்டுவந்து தரையில் போட்டுக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து பார்த்தார். கடலைப் பார்த்தார், எண்ணூர் பக்கம் பார்த்தார், மறுபடி மேப்பைப் பார்த்தார்.

“அப்ப என் பொண்ணு முதல்லேர்ந்தே கரீட்டாதான் வெச்சிகிறா. அவனுங்கதான் பேப்பரைக் கோணலா குடுத்துகிறானுங்க.”

ஆமாம் என்றேன். அவர் எழுந்து வேட்டியை உதறினார். அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. முகத்தைப் பார்த்தே கேட்டேன்:

“அப்ப ஆவணிக்கு?”

“ஆவணிக்கு இன்னா? பொண்ணுக்கு இஸ்கூல் கீதே” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.