அழாத குழந்தை

எண்ணூரில் எங்கள் தெருவில் காலையில் முதலில் எழுபவர் சட்டென்று ஜன்னலைத் திறந்துவிட மாட்டார். கதவை லேசாகத் திறந்து காற்றை முகர்ந்து பார்ப்பார். "ஒண்ணியும் இல்ல, தொறந்துக்கோ!" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் மற்ற வீடுகளில் ஜன்னல் திறக்கும். ஒரு சாயங்காலம் பக்கத்துத் தொழிற்சாலையில் வாயு கசிந்து கண்ணெரிய ஓடியவர்கள் நாங்கள். அதிலிருந்து காற்றைக்கூட நம்புவதில்லை.

என் மகளுக்கு அந்தப் பயம் முற்றிவிட்டது. பள்ளிக்கூடம் போக அந்தத் தொழிற்சாலைச் சுவரைத் தாண்ட வேண்டும். இரண்டாம் வகுப்பில் பாதியிலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் மனநலப் பிரிவில் இருந்த கவுன்சிலர் சொன்ன வைத்தியத்தைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து கிடையாது. எதைக் கண்டு பயமோ அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போக வேண்டுமாம். முதலில் தெருமுனை, அப்புறம் டீக்கடை, அப்புறம் சுவர். அழுதாலும் பயம் தணிகிறவரை அங்கேயே நிற்க வேண்டும். நிஜமாகவே சைரன் அடித்தால், கண் எரிந்தால் ஓட வேண்டியதுதான். அதையும் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். பல இடங்களில் செய்து பார்த்துப் பலன் கண்ட முறை என்றார். எங்கள் பிள்ளைகளை வைத்துச் சோதனை நடத்துகிறார்களோ என்று நான் சந்தேகப்பட்டேன். ஆனால் டீக்கடை வாசலில் சில வாரம் அழுது தீர்த்தவள், ஒரு நாள் அழாமல் நின்று பஜ்ஜி கேட்டாள். அன்றைக்குப் பாதி நம்பினேன்.

சுவருக்குப் போவதற்குள், கவுன்சிலரை வேலைக்கு வைத்திருந்த திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த அம்மா போய், அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயதுப் பெண் வந்தாள். வாசலில் அதே பலகை, அதே வைத்தியத்தின் பெயர். உள்ளே கலர் பென்சிலும் பலூனும். என் மகள் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தாள். பார்த்தவர்களெல்லாம் பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பு அழுதுகொண்டு போனவள் டீக்கடை வரை போனாள். இப்போது சிரிக்கிறவள் தெருமுனையைத் தாண்ட மறுக்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டேன். "இன்னாம்மா இது? செவுத்தாண்ட எப்ப இட்டுகினு போவ?"

அவள் கதவைப் பார்த்தாள். "பிள்ளை அழுதா வெளிய இருக்கவங்க நான் அடிக்கிறேன்னு நினைக்கிறாங்கக்கா. மேல சொல்லிட்டா வேலை போயிடும். எனக்கு ரெண்டு நாள்தான் சொல்லிக்கொடுத்தாங்க. அப்புறம் சந்தேகம்னா கேக்க ஆளே இல்ல."

அவளைத் திட்டத்தான் போயிருந்தேன். ஆனால் ஆளை அனுப்பிவிட்டுப் பலகையை மட்டும் விட்டுவைத்தவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

"மொதல்ல அந்த மேடத்துக்குப் போன் போடு. வெளிய குந்திகினு கீறவங்களாண்ட நான் பேசிக்கிறேன். எம்புள்ள அழுதா நான் பதில் சொல்றேன்."

பழைய கவுன்சிலர் போனில் பொறுமையாகச் சொன்னார். விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, மறுபடியும் தெருமுனையிலிருந்து வாருங்கள் என்றார். வாரா வாரம் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். எத்தனை வாரத்துக்கு எடுப்பாரோ என்று அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

தெருமுனையைக் கடந்து, டீக்கடையைக் கடந்து, ஒரு வழியாகச் சுவருக்குப் போகும் நாள் வந்தது. கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. சுவர் தெரிந்ததும் என் மகளின் உதடு கோணியது. அவளைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் வெளுத்திருந்தது. முதல் சொட்டுக் கண்ணீரிலேயே இந்தப் பெண் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். என் மகளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், நான் அழுவேன். நீங்க ஒடனே வூட்டுக்குப் போலாம்னு சொல்லிடாதீங்க."