நாத்தனாரை விட்டுவிட்டு ஓடினாள்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. வைத்தவர் கணவர். வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்ப்பாள், கதவைப் பூட்டுவாள், பாதிப் படி இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அதற்குள் கீழே அவர் ஸ்கூட்டரைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பியிருப்பார்.

வேலை, பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில். துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்பதால், வளைந்து வளைந்து ஏறும் சரிவுப் பாதையில்தான் வண்டியைத் தள்ளியாக வேண்டும். வருடக்கணக்காகத் தள்ளுகிறாள். அதை யாரும் ஒரு பயிற்சி என்று நினைத்ததில்லை, அவளும்தான்.

ஓட்டத்துக்கு இழுத்துவிட்டது நாத்தனார். மாடி வீட்டில் இருப்பவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, வாய் ஓயாதவள். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதும், "அண்ணி, தனியா ஓடக் கூச்சமா இருக்கு, நீங்களும் வாங்க" என்று விடியற்காலையில் வந்து நின்றாள். இருவரும் குடியிருப்பைச் சுற்றி ஓடினார்கள். ஓடினார்கள் என்பதைவிடப் பேசினார்கள் என்பது சரி. நாத்தனாருக்கு மூச்சு வாங்கினால் நடப்பார்கள். பேச்சு மட்டும் நிற்காது. ஒரு வருடம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் நாத்தனார், ஊரில் நடக்கும் பத்து கிலோமீட்டர் சாலை ஓட்டத்துக்கு இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யார் எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேருவார்கள் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைப்பு.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒன்னரை மணி நேரம் ஆகும். நானும் பொண்ணும் நிதானமா சாப்பிட்டுட்டு வந்து முடியிற கோட்டுக்கிட்ட நிக்கிறோம். போட்டோ எடுக்கணும்ல?"

ஓட்டம் தொடங்கி முதல் திருப்பத்திலேயே நாத்தனார் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சுக்கிச்சு, அண்ணி. நீங்க போங்க."

"நானும் நடக்கிறேன்."

"எனக்காக நின்னீங்கன்னா நான் வீட்டுக்கே போயிடுவேன். போங்கன்னா போங்க!"

போனாள். பேச ஆளில்லாமல் ஓடுவது என்னவோ போலிருந்தது. சற்று நேரத்தில் மூச்சு ஒரு சீருக்கு வந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்தார்கள்; பிறகு காணாமல் போனார்கள். தான் வேகமாகப் போவதாக அவளுக்குத் தோன்றவில்லை. இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்றுதான் நினைத்தாள்.

மேம்பாலத்து ஏற்றத்தில் பலர் இடுப்பில் கை வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். அவள் தோளை முன்னால் சாய்த்து, அடியைச் சின்னதாக வைத்து ஏறினாள். பாதி ஏற்றத்தில் தெரிந்த முதுகு ஒன்று: சலவைக்கூட மேற்பார்வையாளர். வருடா வருடம் இதில் ஓடிவிட்டு ஒரு மாதத்துக்கு அதையே பேசுபவர். தாண்டுவதா, பின்னாலேயே போவதா? கால்கள் கேட்கவில்லை. பக்கத்தில் போனதும், வேலை முடிந்து கிளம்பும் பழக்கத்தில், "வரேன் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரிம்மா, பாத்துப் போ" என்றவருக்கு அப்புறம்தான் உறைத்தது. "ஏம்மா! நீயா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறக்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடினாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மேலே மாட்டியிருந்த கடிகாரம் ஒரு மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள். நன்றாகத்தான் ஓடுகிறதாம். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. தேடிப் பார்த்தால், கணவரும் மகளும் எதிர்ச்சாரிச் சாப்பாட்டுக் கடையில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவளைக் கண்டதும் கணவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"விடு, பாதியில திரும்பி வந்தா என்ன இப்போ? முதல் தடவைதானே. உக்காரு, தண்ணி குடி."

"முடிச்சுட்டேங்க."

"அதான் சொல்றேன். முடிஞ்ச வரைக்கும் ஓடினியே, போதும்."

மகள்தான் பதக்கத்தைப் பார்த்தாள். "அப்பா, அம்மா முழுசா ஓடிட்டு வந்திருக்காங்கப்பா!"

அவர் பதக்கத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதை உதறிக் காதில் வைத்துப் பார்த்தார். "நடுவுல குறுக்கு வழி ஏதும் இருந்துச்சா?"

அவள் பார்த்த பார்வையில், "சும்மா கேட்டேன்" என்று பின்வாங்கினார்.

"எழுந்திரிங்க. உங்க தங்கச்சி வர்றப்பவாவது கோட்டுக்கிட்ட இருங்க" என்று இருவரையும் கிளப்பினாள்.

கூட்டம் பாதி கலைந்த பிறகு நாத்தனார் வந்தாள், முகமெல்லாம் சிவந்து. மூவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கோட்டைத் தாண்டியதும் அவள் அண்ணியின் தோளில் சாய்ந்தாள். அண்ணன் சும்மா இருக்காமல் நேரத்தைச் சொன்னார். நாத்தனார் நிமிர்ந்தாள்.

"அப்ப இத்தன நாளா எனக்காகத்தான் மெதுவா ஓடினீங்களா?"

அவளுக்குத் திக்கென்றது. "இல்லம்மா. எனக்கே தெரியாது. உன்கூடப் பேசிட்டுப் போறப்ப வேகமெல்லாம் யாரு பாத்தா?"

நாத்தனார் பதக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து நீங்க முன்னால ஓடுங்க. ரெண்டு சுத்து போயிட்டு வந்து என்னைப் பிடிங்க. பேச வேண்டியதையெல்லாம் அதுவரைக்கும் சேத்து வைக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை அப்படித்தான் நடந்தது. இரண்டாவது சுற்று முடிந்து அவள் நாத்தனாரை நெருங்கும்போது, காலடிச் சத்தம் கேட்டே நாத்தனார் பேச ஆரம்பித்துவிட்டாள்: "வாங்க அண்ணி, சீக்கிரம்! எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கதை தெரியுமா?"