ஆள் இல்லாத ஒன்பது வீடுகள்

என் அக்காவின் கணவர் மலையூர்களுக்கு சோலார் மின்சாரம் கொண்டுபோகும் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். கரண்ட் கம்பி எட்டாத இடங்களுக்குத் தகடும் பேட்டரியும் தலைச்சுமையாகத்தான் போகும். அதற்கு முன்னால் இவர் போவார். எந்த வீட்டில் எத்தனை பேர், கூரை எந்தத் திசையைப் பார்க்கிறது, எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று எழுதிக்கொண்டு வருவார். மலை ஏறும் வேகத்தைப் பார்த்து அலுவலகத்தில் அவருக்கு 'ஆடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபம் வந்தால் என் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த ஆடு ஒரு மழைக்காலத்தில் ஏறவில்லை.

முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு ஊரில் கீழே இருந்த முப்பத்தோரு வீடுகளையும் பார்த்து முடித்துவிட்டார். மேலே இன்னும் ஒன்பது வீடு. பாதை சரிந்துகிடந்ததால் மூன்று மணி நேரம் சுற்றிப் போக வேண்டும். எதிர்ச்சரிவில் நின்று பார்த்தார். ஒரு கூரையிலும் புகை இல்லை.

"மேல இருக்கிறவங்க எல்லாம் இறங்கிப் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் ஜீப் டிரைவர்.

நினைக்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். இவர் படிவத்தில், 'நேரில் பார்வையிட்டேன். ஆள் குடியிருப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் கீழே விளக்கு எரிந்தது. அதன்பின் ஒரு நாள், சேறு காயாத செருப்போடு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். மேலே இருந்து வருகிறேன், எங்களுக்கு எப்போது வரும் என்று கேட்டாள். குமாஸ்தா கோப்பைப் புரட்டினார்.

"நேர்ல போய்ப் பார்த்து, அங்க ஆளே இல்லைன்னு எழுதியிருக்கேம்மா."

"அப்போ நான் யாருங்க?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஏழு வீட்டுல குடும்பம் இருக்கு. ரெண்டுதான் பூட்டிக் கிடக்கு. நேர்ல வந்து பார்த்ததா எழுதியிருக்கே, யாருங்க வந்தது?"

கையெழுத்து யாருடையது என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். இவர் இருந்த மேஜைப் பக்கம் திரும்பாமலே, "அவரு வேலையை விட்டுப் போயிட்டாரும்மா" என்று ஒரு போடு போட்டார்.

இவர் எழுந்தார். சொல்லத்தான் எழுந்தாராம். எழுந்தவர் மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"நல்லா இருப்பீங்க. காலையிலேர்ந்து யாரும் உட்காருன்னுகூடச் சொல்லல."

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு மாப்ள" என்றார் என்னிடம், பல வருடம் கழித்து.

அந்தப் பெண் வந்துபோன அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை அக்கா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள்.

"கால் வலி, போக முடியலன்னு எழுத வேண்டியதுதானே? அது என்ன குத்தமா?"

"ஆடுன்னு பேர் எடுத்துட்டேனே" என்றார் அவர்.

மறுநாள் மேலதிகாரியான பெண் பொறியாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் நல்ல மனுஷி. "மறு கணக்கெடுப்புன்னு போட்டுக்கலாம். இதுல உங்க பேரு எதுக்கு?" என்றார். இவரும் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த வாரமே மேலே ஏறினார். அந்தப் பெண் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு, "ஆபீஸ்ல எனக்குத் தண்ணி கொடுத்தாருன்னு சொன்னேனே, இவருதான்" என்று காட்டினாள். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அதில் உட்கார்ந்து ஏழு வீட்டையும் எழுதிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இறங்கிவந்தார்.

எட்டு மாதம் கழித்துத் தகடுகள் போயின. இவரும் கூடப் போனார். அவள் வீட்டுக் கூரையில் தகடு மாட்டும் சட்டத்தை இவர் முடுக்கிக்கொண்டிருந்தபோது ஏணியை அவள்தான் பிடித்திருந்தாள். பாதி ஏணி இறங்கியதும் நின்றுவிட்டார்.

"அம்மா, ஆள் இல்லைன்னு எழுதினது நான்தான்."

அவள் ஏணியை விடவில்லை.

"எந்த மாசம்?"

சொன்னார்.

"பாதை சரிஞ்சு குழந்தைகளோட இறங்க முடியாம கிடந்தோமே, அந்த மாசம். விறகெல்லாம் நனைஞ்சு அடுப்புகூட மூட்டல. எதிர்ல ஒரு ஆள் நிக்கிறாருன்னு என் பொண்ணு துண்டை வீசி வீசிக் கூப்பிட்டா. அது நீங்களா?"

துண்டு எதுவும் கண்ணில் பட்டதாக அவருக்கு நினைவில்லை. பட்டிருக்குமோ என்று இன்றுவரை யோசிக்கிறார்.

அவள் திட்டவில்லை. "இன்னும் ஆறு வீடு இருக்கு. இருட்டுறதுக்குள்ள முடிங்க" என்றாள். அன்று யாரும் நாற்காலி போடவில்லை.

மலை இறங்கியதும், போகாமலே பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு தானே ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் வைக்கச் சொன்னார். கணக்கெடுப்பு வேலை போய், ஸ்டோர் ரூமில் ஒயர் சுருள்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். சொந்தக்காரர்களிடம் அக்கா, "முழங்கால் முடியல, அதான் மாத்திட்டாங்க" என்பாள். "முழங்கால் இல்ல, பொய் எழுதினேன்" என்று இவர் இடையில் புகுந்து சொல்லி, விருந்துக்கு வந்தவர்களைச் சங்கடப்படுத்துவார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மேலே ஏதாவது பழுதானால் அந்தப் பெண் அலுவலகத்துக்குப் பேசுவதில்லை, இவருக்குத்தான் பேசுகிறாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "பேட்டரி சார்ஜ் நிக்கல, வாங்க" என்பாள். போன வாரமும் போனார். வாசல் சுவரில் மாட்டிய பேட்டரிப் பெட்டியை நின்றபடியே சரிசெய்தாராம். அவள் உள்ளே கூப்பிடவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை.