அரை எண்ணெய்

அஞ்சலையின் வலது முழங்காலில் நீர் கோத்துக்கொண்டது 1956ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிக்கொண்டே எழுத்துக் கற்று, மலாக்கா ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, அரசாங்க மருத்துவச்சி ஆனவர். காஜா பெராங்கில் குடியிருந்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் மிஸி; நர்சுகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மே மாதத்தில் இரண்டு வீடுகளுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். இரண்டிலும் பிள்ளை முன்னமே பிறந்துவிட்டது. மேற்பார்வை சிஸ்டர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். கடுமையாகப் பேசவில்லை. ஜூன் முடியும்வரை பார்க்கலாம், இன்னொரு முறை இப்படி நடந்தால் வார்டுக்குள் வந்துவிடு, புக்கிட் ரம்பாய்க்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்றார்.

வார்டு வேலையை மட்டமாக நினைத்தவரல்ல அஞ்சலை. ஆனால் வார்டில் தாய்மார் அவரிடம் வருவார்கள். புக்கிட் ரம்பாயில் அவர் தாய்மாரிடம் போனார். எந்த வீட்டில் வெந்நீர் வைக்க ஆள் இல்லை, எந்த வீட்டில் புருஷன் பயந்தவன் என்றெல்லாம் பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்துவைத்திருந்தார். அதை விட மனமில்லை. அடுத்த நாளே கணவர் ஜெயபாலனைக் கூட்டிக்கொண்டு ஹாஜாவின் சைக்கிள் கடைக்குப் போனார்.

கடையில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சின்ன மோட்டார் சைக்கிள். கைப்பிடியைத் திருகினால் தானே ஓடும், கால் சும்மா இருக்கும். மற்றது வண்டியே அல்ல, ஒரு குட்டி மோட்டார். நம்முடைய சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேல் அதைப் பூட்ட வேண்டும். ஒரு உருளை டயரோடு உரசிச் சக்கரத்தைச் சுழற்றும். எவ்வளவு வேகம் என்பதற்குக் கைப்பிடியில் ஒரு விசை. உருளையைத் தூக்கிவிட இன்னொரு விசை. தூக்கிவிட்டால் பழைய சைக்கிள்தான்.

"காலுக்கு நோவுன்னுதானே வந்தோம்? திருகுறதை எடு, அஞ்சல" என்றார் ஜெயபாலன்.

டயருக்குக் காற்றடிக்க வந்திருந்த நடராஜன் சிரித்தார். "அடுத்த வருஷம் சுதந்திரம் வாங்கி நாடே சொந்தக் கால்ல நிக்கப்போகுது. மிஸி மட்டும் மோட்டார் தேடுறாங்க."

"உங்க பொஞ்சாதிக்கு நோவு கண்டா நான் நடந்தே வர்றேன்" என்றார் அஞ்சலை. நடராஜன் காற்றடிப்பதில் கவனமானார்.

பிறகு அஞ்சலை, அண்ணன் முறையில் தாம் நானா என்றழைக்கும் ஹாஜாவைப் பார்த்து, "நானா, ரெண்டும் நடுவழியில நின்னுபோனா?" என்று கேட்டார்.

"இது நின்னா தள்ளணும், மிஸி. அது நின்னா மிதிக்கலாம்."

அஞ்சலை மோட்டார் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார். கடை வாசலைத் தாண்டுவதற்குள் முழங்கால் சொல்லிவிட்டது. தம் சைக்கிளிலேயே குட்டி மோட்டாரைப் பூட்டச் சொன்னார்.

அதற்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். அரை கேலனுக்கு நாலு அவுன்ஸ். அஞ்சலை அதை மருந்துக் கிண்ணத்தில் அளந்து கலந்தார். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. கால் அசையாமல், விசையை முழுக்கத் தள்ளி, மேடு பள்ளம் எல்லாம் மோட்டாரின் தலையிலேயே போட்டார். மேட்டில் உருளை வழுக்கி டயரைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் அந்த டயரைப் பார்த்த ஹாஜா, பக்கத்தில் நின்ற ஜெயபாலனிடம் சொன்னார்: "மிஸி எண்ணெய ரொம்பக் குடுக்குறாங்க. டயர் போயிடும். பாதியாக் கொறச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

மலாய்க்காரர்கள் மோட்டாரின் வேக விசையை மின்யாக் என்பார்கள். எண்ணெய் என்று அர்த்தம். கடைக்காரர்களும் அப்படியே தமிழில் எண்ணெய் கொடு, எண்ணெய் குறை என்றார்கள். ஹாஜா சொன்ன எண்ணெய் கைப்பிடியில் இருந்தது. ஜெயபாலன் சொல்லை மாற்றாமல் வீட்டில் வந்து சொன்னார். அஞ்சலைக்கோ எண்ணெய் கொடுப்பது என்றால் அளந்து கொடுப்பது. நிறைமாதக்காரிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பழகிய கை. டயரில் கறுப்புக் கறுப்பாய் எண்ணெய் தெறித்திருந்ததையும் பார்த்திருந்தார். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? மறுநாள் நாலு அவுன்ஸை இரண்டாக்கினார்.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, புக்கிட் ரம்பாய் மேட்டின் பாதியில், மோட்டார் இறுகிப்போயிற்று. பின்சக்கரம் பூட்டியதுபோல் நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கோகிலாவுக்கு இடுப்புவலி கண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அஞ்சலை உருளையைத் தூக்கிவிட்டார். சக்கரம் சுழன்றது. மேட்டின் உச்சிவரை தள்ளினார், இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், சமதரையில் இடது காலால் அழுத்தி வலது காலைச் சும்மா சுற்றவிட்டு மிதித்தார். கோகிலாவின் வீட்டை அடைந்தபோது பிள்ளை பிறந்திருக்கவில்லை. எட்டே காலுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்து, எல்லாம் சுத்தம் செய்த பிறகு அஞ்சலையால் எழுந்திருக்க முடியவில்லை. கோகிலாவின் மாமியார்தான் தூக்கிவிட்டார்.

ஹாஜா மோட்டாரைக் கழற்றினார். "எண்ணெயே இல்லாம ஓட்டியிருக்கீங்க."

"நீங்கதானே கொறைக்கச் சொன்னீங்க."

"நான் கையில சொன்னேன்."

"கையாலதான் ஊத்தினேன், நானா."

ஹாஜாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இறுகிய பாகத்தைத் தேய்த்துச் சரிசெய்து, மூன்றாம் நாள் வண்டியைக் கொடுக்கும்போது விசையைத் தொட்டுக் காட்டினார். "பாதி இது. மீதி உங்க கால். மேடு வர்றதுக்கு முந்தியே மிதிக்க ஆரம்பிச்சிடணும். வேகம் விழுந்தப்புறம் மிதிச்சா கால்தான் சுமக்கும்."

அதற்குள் வீங்கிய முழங்காலைப் பற்றி சிஸ்டர் கேள்விப்பட்டுவிட்டார். நேரத்துக்குப் போனது சரி, இந்தக் காலோடு எத்தனை நாள் என்று மலாயில் கேட்டார். "நீங்களே வந்து பாருங்கள்" என்றார் அஞ்சலை.

வீக்கம் வடிந்த பிறகு, ஜூன் கடைசி வியாழக்கிழமை, சிஸ்டர் ஆஸ்பத்திரி வேனில் பின்னால் வந்தார். மேடு தொடங்க அறுபது எழுபது அடி இருக்கும்போதே அஞ்சலை மிதிக்கத் தொடங்கினார். விசையைப் பாதிக்கு மேல் தள்ளவில்லை. மோட்டார் முனகாமல் இழுத்தது. கால் அதன் கூடவே போயிற்று. எது எதைச் சுமக்கிறது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. உருளை ஒருமுறைகூட வழுக்கவில்லை.

உச்சியில் வேன் பக்கத்தில் வந்து நின்றது. சிஸ்டர் இறங்கி, குனிந்து, சேலைக்கு மேலாகவே முழங்காலை அழுத்திப் பார்த்தார். பிறகு தம் நோட்டைத் திறந்தார்.

"ஜூலையில் இந்தப் பக்கம் எத்தனை பிரசவம் வரும்?"

"ஏழு" என்றார் அஞ்சலை.

சிஸ்டர் ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, பிரசவம் பார்க்கப் போகிறவர் என்ற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரில் அஞ்சலை என்று எழுதிக்கொண்டார்.